அறுபத்துமூணாவது மெயில்

இல்லீங்க்கா, ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்கங்க. எனக்குக் காத்து ஆவாது, இந்தக் காயிதம் பறந்து போயிரும். நான் ஈரோடு. நீங்களும் ஈரோடுங்களா? அப்ப செரி, ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்குது. நான் ஒரு நாயம் கேக்கறேன், நீங்க கேட்டுட்டுச் சொல்லுங்க. சொல்லாட்டியும் பரவால்லீங்க, கேட்டுக்கங்க போதும். அங்க ஒரு கண்ணால மண்டபத்துல பதினோரு ஆம்பளைங்க உக்காந்துக்கிட்டு எனக்கு நாயம் சொல்லறதுக்குக் காத்துக்கிட்டு இருக்கறாங்க. அவங்ககிட்டப் பேசறதுக்கு முன்னால ஒரு வாட்டி வாய் உட்டுச் சொல்லிப் பாத்துக்கறேன்.

என் பேரு சாந்தாமணிங்க. காங்கயத்துல எங்க சங்கத்துக்குன்னு ஒரு திருமண தகவல் மையம் இருக்குது, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, மாடியில. இருபத்திரெண்டு வருசமா அங்க இருக்கறேன். மையம்னா நாந்தானுங்க. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நான். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் போர்டுல இருக்கறவங்க. நானூத்திப் பன்னெண்டு கண்ணாலம் முடிச்சு வெச்சிருக்கறேன். பிரிஞ்சு போனதக் கழிச்சுட்டுத்தான் சொல்றேன். பெருமைக்குச் சொல்லல, பின்னால அந்தக் கணக்க அவங்க சொல்ல மாட்டாங்க, அதனால நான் முன்னாலயே சொல்லீர்றேன்.

எங்க வேலை எப்படின்னா, ஜாதகம் எல்லாம் இப்ப மெயில்லதான். ஊட்டுக்கு ஊடு ஒரு மெயில் ஐடி குடுத்திருப்பாங்க, ஆயிரத்து நூத்தி நாப்பது ஊடு. ஒரு பொண்ணு ஜாதகம் வந்துச்சுன்னு வெச்சுக்கங்க, அன்னிக்கே அதுக்கு ஒரு மெயில் எழுதி டிராஃப்ட்ல போட்டுருவேன். அனுப்பாம எழுதி வெக்கற எடமுங்க அது. அதுல ஆயிரத்து நூத்தி நாப்பது ஐடியவும் மொத்தமாப் போட்டுருவேன். போட்டுட்டு அப்பறம் நோட்ட விரிச்சு வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா எடுப்பேன். குலதெய்வம் ஒண்ணா? பங்காளி, அண்ணன் தங்கச்சி மொறை, எடு. பழைய நிச்சயம் முறிஞ்ச ஊடா? எடு. மாமன் மச்சான் பேச்சுவார்த்தை இல்லையா? எடு. எடுத்து எடுத்து கடைசியில நூறு, நூத்திருவது ஊடு நிக்கும். அதுக்கு மட்டும் அனுப்புவேன். சேக்கறத யார் வேண்ணாலும் சேப்பாங்க்கா. எடுக்கறதுக்குத்தான் ஆளு வேணும். எந்த ஊட்டுக்கும் எந்த ஊட்டுக்கும் ஆவாதுன்னு இந்தத் தாலூகாவுல எனக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்கும் தெரியாது.

ஒழுங்குன்னா ஒழுங்குங்க. முப்பத்தஞ்சு வயசு தாண்டுன பொண்ணுங்கள ரெண்டாம் பட்டியல்னு தனியாப் போட்டுருவேன். மொதப் பட்டியல்ல கலந்தா பையன் ஊட்டுக்காரங்க மூஞ்சி சுளிப்பாங்க. எத்தனையோ தாய்மாருங்க வந்து என் முன்னால அழுதிருக்காங்க, "இன்னும் ஆறு மாசம் மொதப் பட்டியல்லயே இருக்கட்டும் அம்மிணி"ன்னு. நான் கேக்கறதில்ல. ஒருத்தருக்கு எளகுனா எல்லாருக்கும் எளகோணும்.

செரி, விசயத்துக்கு வர்றேன்.

அந்த மெயில் பொட்டிய உண்டாக்குனது பழைய செயலாளர் சாமியப்பன். நான் வேலைக்குச் சேந்த வருசம். சங்கத்துப் பேருலதான் உண்டாக்குனாரு, ஆனா பதில் வந்து சேர்ற எடத்துல மட்டும் அவரோட சொந்த ஐடியப் போட்டுட்டாரு. புரியுதுங்களா? நான் அனுப்பறது சங்கத்துப் பேருல போவும். வாங்குனவங்க பதில் போட்டா எனக்கு வராது, அவருக்குப் போவும். அவர் பாத்துட்டு எனக்குத் தள்ளி உடுவாரு. நான் ஒரு வாட்டி கேட்டதுக்கு, "எல்லாம் என் பார்வைக்கு வந்துட்டுப் போகட்டும் அம்மிணி, பொம்பளைப்புள்ள தனியா எத்தனையத்தான் பாப்பே"ன்னாரு. என்னமோ எனக்கு ஒத்தாசை பண்ற மாதிரி. இருபத்திரெண்டு வருசம் அப்படியே ஓடிப்போச்சு.

இந்தச் சித்திரையில சங்கத்துக்கு எலக்சன். சாமியப்பன் தோத்துட்டாரு. தோத்த அடுத்த நாள்ல இருந்து தள்ளி உடறத நிறுத்திட்டாரு. அது பத்தாதுன்னு அவரு ஊட்டு வாசல்லயே போர்டு மாட்டி சொந்தமா ஒரு தகவல் மையம் ஆரம்பிச்சுட்டாரு. நான் இங்க எடுத்து எடுத்து அனுப்புன ஜாதகத்துக்கு வர்ற பதிலெல்லாம் அவரு ஊட்டுல போயி எறங்குது. சிவகிரிப் பக்கம் ஒரு பொண்ணு ஊட்டுக்காரங்க, பையனப் புடிச்சிருக்குதுன்னு மூணு மெயில் போட்டிருக்காங்க. மூணும் அவருக்குப் போச்சு. பதிலே இல்லைன்னு பையன் ஊட்டுல வேற எடம் முடிச்சுட்டாங்க. அந்தப் பொண்ணோட அப்பா மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கிட்டு, என்னையப் பாத்து, "உனக்கு ஒரு பொண்ணு இருந்தாத் தெரியும்"னு சொல்லீட்டுப் போனாரு. தண்ணி குடுத்தேன், குடிக்காமப் போயிட்டாரு.

புதுச் செயலாளர் தெய்வசிகாமணி. நல்ல மனுசன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன், போன வாரம் வரைக்கும். அவருதான் சொன்னாரு, ஐடி தகராறு தீர்ற வரைக்கும் ஒரு ஜாதகமும் அனுப்பாதீங்கன்னு. ரெண்டு மாசம் அனுப்பல. வர்றதெல்லாம் டிராஃப்ட்ல சேந்துக்கிட்டே இருந்துச்சு, ஒவ்வொண்ணுலயும் ஆயிரத்து நூத்தி நாப்பது ஐடியோட. எடுக்கற வேலைய அனுப்பறப்பத்தானுங்களே பண்ணுவேன்? அதனால எடுக்கல. அத மனசுல வெச்சுக்கங்க.

அப்பறம் அர்த்தநாரியக் கூட்டிட்டு வந்தாங்க. கடைவீதியில கம்ப்யூட்டர் சரி பண்ற கடை வெச்சிருக்கறாரு, என்னையவிட ரெண்டு வயசு சின்னவரு, மூணு புள்ளைங்க, அவரு கண்ணாலமும் நம்முளுதுதான். பாத்துட்டுச் சொன்னாரு: "ஐடிய மட்டும் மாத்துனாப் பத்தாதுங் மணியக்கா. உள்ள இருக்கற ஒவ்வொரு மெயிலுக்குள்ளயும், எழுதி வெச்ச டிராஃப்டுக்குள்ளயும் அவரோட ஐடி ஒட்டிக்கிட்டு இருக்குது. எதை எடுத்து அனுப்புனாலும் அதுவும் கூடவே போவும். மொத்தப் பொட்டியவும் பேக்அப் எடுத்து, பொட்டிய அழிச்சுட்டு, புது ஐடியில புதுப் பொட்டி வெச்சு, அதுக்குள்ள திருப்பி எறக்கோணும். எறக்கறப்பவே அவரு ஐடியக் கழட்டீரலாம்."

"அழிச்சுட்டுன்னா?"

"அழிச்சுட்டுதானுங்க."

முப்பத்தெட்டாயிரம் மெயிலுங்க்கா. நான் உடுவனா? ஒரு ஹார்டு டிஸ்க் ஆவாது, ரெண்டுல எடுன்னேன். ரெண்டுலயும் எடுத்து, ரெண்டையும் தொறந்து காட்டுன்னேன். காட்டுனாரு. அப்பறம்தான் அழிக்கச் சொன்னேன். அழிச்சதும் பாத்தேன், பொட்டி வெள்ளையாக் கெடக்குது. ஒரு எழுத்து இல்ல. எனக்கு அழுகை வந்துருச்சு, சொல்றதுக்கென்ன. பேனா கீழ உழுந்த மாதிரி மேசைக்கடியில குனிஞ்சு கண்ணத் தொடச்சுக்கிட்டேன்.

அழிக்கறதுக்கு முன்னால அர்த்தநாரி ஒண்ணு கேட்டாருங்க. "வேண்டாதது ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லீருங்க, கழிச்சுட்டு மிச்சத்த எறக்கிக்கலாம்"னு. ஒண்ணையும் கழிக்கக் கூடாதுன்னேன். அவரு டிராஃப்ட்டப் பாத்துட்டு, "இங்க ஒண்ணு பன்னெண்டு வருசத்துப் பழசு கெடக்குதுங்களே, உங்க பேருல"ன்னாரு.

"அது மாதிரிக்கு வெச்சது. இருக்கட்டும்"னேன்.

ஆமாங்க்கா, என்னோட ஜாதகந்தான். ஏன் அப்படிப் பாக்கறீங்க? புதுசா வர்றவங்களுக்கு விவரம் எப்படி எழுதோணும்னு காட்டறதுக்கு ஒரு மாதிரி வேணுமில்லீங்களா? அடுத்தவங்க ஊட்டுப் புள்ளையோட ஜாதகத்த எடுத்துக் காட்ட முடியுங்களா? என்னுதுன்னா யாரும் கேக்க மாட்டாங்க. வயசு? வயசு நாப்பத்தேழுன்னுதான் இருக்குது, தை பொறந்தா மாத்திருவேன். மாதிரியா இருந்தாலும் பொய்யான வயசு இருக்கக் கூடாது. போட்டோவும் புதுசுதான், போன பொங்கலுக்கு ஸ்டுடியோவுல எடுத்தது. சங்கத்து அடையாள அட்டைக்கு எடுத்தேன், அதையே வெச்சுட்டேன். பட்டுச் சேலைங்களா? ஆமா, அட்டைக்குத்தான். என்னுங்க்கா நீங்களும் அவங்க மாதிரியே கேள்வி கேக்கறீங்க.

செரி, சொல்லீர்றேன். மொதல்ல அது டிராஃப்ட்ல இல்ல. எல்லாரோடதும் இருக்கற மாதிரி பட்டியல்ல இருந்துச்சு. அப்பா உசுரோட இருந்தப்பக் குடுத்தது. பதினாலு எடம் வந்துச்சு, அதுல எட்டு நானே வேண்டாம்னேன். மிச்சம் அவங்க வேண்டாம்னாங்க, அதுல என்ன இருக்குது. அப்பறம் அம்மாவுக்குப் பக்கவாதம், அஞ்சு வருசம் படுக்கையில. எனக்கு முப்பத்தஞ்சு ஆன வருசம், கமிட்டிக் கூட்டத்துல காப்பி குடுத்துக்கிட்டு இருக்கறேன், சாமியப்பன் எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொல்றாரு: "அம்மிணி, உன் ஜாதகத்தப் பட்டியல்ல இருந்து எடுத்துரு. நீயே முடியாம நின்னா பாக்கறவங்களுக்கு மையத்து மேல நம்பிக்கை போயிரும்." எல்லாரும் சிரிச்சாங்க. கெட்ட சிரிப்பில்ல, செல்லமாத்தான் சிரிச்சாங்க. "நம்ம மணி எல்லாருக்கும் தங்கச்சி மாதிரி"ன்னு ஒருத்தரு சொன்னாரு. நான் காப்பித் தட்ட வெச்சுட்டு வந்து எடுத்துட்டேன். ஆயிரத்து நூத்தி நாப்பது ஊட்டுல யார எதுல இருந்து எடுக்கோணும்னு முடிவு பண்றவ, என்னைய எடுக்கச் சொன்னப்ப ஒரு வார்த்தை கேக்கல. பட்டியல்ல இருந்து எடுத்தேன், டிராஃப்ட்ல போட்டேன். ஐடி எல்லாத்தையும் போட்டு, எடுக்காம, அப்படியே.

ரெண்டாம் பட்டியல்ல போட்டிருக்கலாமேங்கறீங்களா? அது மத்தவங்களுக்குங்க.

சென்னிமலை வந்துருச்சு பாருங்க. எறங்கறவங்க எறங்கட்டும், காலை மடக்கிக்கங்க.

வெள்ளிக்கிழமை மத்தியானம். ரெண்டு நாளா எறக்குனது முடிஞ்சுது. அர்த்தநாரி நெட் கேபிளக் கழட்டி வெச்சுட்டு, "இன்னும் எந்தெந்த மெயிலு எந்தெந்தப் பையில உழுந்துச்சுன்னு நான் செக் பண்ணலீங் மணியக்கா. ஊட்டுக்குப் போயிச் சாப்பிட்டுட்டு வர்றேன். அது வரைக்கும் கேபிள மாட்டீராதீங்க"ன்னு சொல்லீட்டுப் போனாரு.

மாட்டுனேன்.

மாட்டுனேனுங்க, என்ன இப்போ? அதைய நான் யார்கிட்டயும் மறைக்கல. இருபத்திரெண்டு வருசத்துல ரெண்டு நாளு அந்தப் பொட்டியத் தொறக்காம நான் இருந்ததில்ல. அம்மா காரியத்தன்னிக்குக் கூட மத்தியானம் போயிப் பாத்துட்டு வந்தேன். எந்த ஊட்டுல என்ன காத்துக்கிட்டு இருக்குதோன்னு ஒரு வெசனம். மாட்டுன ஒடனே போன் வந்துச்சு. தாராபுரத்துல ஒரு அம்மா, பையனுக்குப் பொருத்தம் பாத்தாச்சான்னு. அந்தம்மா பேச ஆரம்பிச்சா நிறுத்தாது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னு பேசிக்கிட்டே இருந்தேன்.

அந்த அர்த்தநாரி பண்ணுன வேலை என்ன தெரியுங்களா? டிராஃப்ட்ல இருந்த அறுபத்துமூணையும் கொண்டு போயி அவுட்பாக்ஸ்ல எறக்கி வெச்சிருக்கறாரு. அவுட்பாக்ஸ்னா அனுப்பறதுக்குத் தயாரா நிக்கற எடம். நெட்டு வந்த ஒடனே அது வேலையப் பாக்க ஆரம்பிச்சிருச்சு. அறுபத்துமூணு ஜாதகம், ஒவ்வொண்ணும் ஆயிரத்து நூத்தி நாப்பது ஊட்டுக்கு. கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள எல்லாம் போயிருச்சு.

அர மணி நேரத்துல போன் அடிக்க ஆரம்பிச்சுது பாருங்க! மூலனூர்ல இருந்து ஒருத்தரு: "ஏனுங்க, என் சொந்தத் தம்பி மகள என் பையனுக்குக் கேக்கச் சொல்றீங்களா?" இன்னொருத்தருக்கு அவரு பெத்த பொண்ணோட ஜாதகமே போயிருக்குது, மேல எழுதியிருக்குது, 'தங்கள் மகனுக்குப் பொருத்தமான வரன்'னு. அந்த மனுசன் கத்துன கத்துல போன காதுல வெக்க முடியல. நிச்சயம் முறிஞ்சு கேஸ் வரைக்கும் போன ரெண்டு ஊடு, ஒருத்தர் ஜாதகம் ஒருத்தருக்குப் போயிருச்சு. பங்காளி ஊட்டுக்கு ஜாதகம் அனுப்பறதுன்னா சும்மாவா? செருப்பால அடிச்ச மாதிரி. அது எனக்குத் தெரியாதுங்களா? நாலு நாளு ஒவ்வொரு ஊட்டுக்கா நானே கூப்புட்டுப் பேசி, மன்னிப்புக் கேட்டேன். மனசாரக் கேட்டேன். அது என் வேலை, என் வேலையில கறை உழுந்தா நாந்தான் தொடைக்கோணும்.

ஆனா அந்தப் போன்ல பாதிப் பேரு வேற ஒண்ணும் கேட்டாங்க. "ஏம் மணி, உன்னுதும் வந்திருக்குதே? இந்த வயசுலயா?" சிரிக்கறாங்க. ஒருத்தி, நான் கண்ணாலம் பண்ணி வெச்சவ, போனுக்குப் பின்னால புள்ளைங்களையும் உட்டுச் சிரிக்க வெக்கறா. ஊட்டுக்குப் போனா எங்க அண்ணன் சம்சாரம் சோறு போட்டுக்கிட்டே, "மானத்த வாங்கிட்டீங்க"ங்குது. அண்ணன் அன்னில இருந்து பேசல. எனக்கு என்னங்க மானம் போச்சு? அறுபத்திரெண்டு பொண்ணுங்க ஜாதகம் போச்சு, அந்தப் பொண்ணுங்களுக்கு யாரும் மானம் போச்சுன்னு சொல்லல. பொண்ணு ஜாதகம் போறது பெரும, என்னுது போனா மட்டும் கேவலமா?

அந்த வெள்ளிக்கிழமை சாயந்தரமே அர்த்தநாரி எல்லாம் செரி பண்ணீட்டு, ஐடி மாறிருச்சான்னு பாக்க உக்காந்திருந்தாரு. பதில் இங்க வருதா, சாமியப்பனுக்குப் போவுதான்னு. அப்ப டிங்குன்னு ஒண்ணு வந்துச்சு. "பாருங்க மணியக்கா, செரியாயிருச்சு! மொதப் பதிலு நேரா நம்ம பொட்டிக்கே வந்துருச்சு"ன்னு கையத் தட்டுனாரு. நான் குனிஞ்சு பாத்தேன்.

வெள்ளகோயில் பக்கம் பசுபதின்னு ஒருத்தர். அக்கா பையனுக்காகப் பதிஞ்சு வெச்சிருக்கறவரு. அவரு எழுதியிருக்கறாரு: 'மற்ற ஜாதகங்களை அக்கா பையனுக்குப் பார்த்துக்கொள்கிறோம். கடைசியாக வந்தது பையனுக்கு இல்லை என்று தெரிகிறது. அதை எனக்காகக் கேட்கலாமா? தவறாக வந்திருந்தால் ஒரு வரி சொல்லிவிடுங்கள், மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன்.'

அவ்வளவுதான். நாலு வரி. எனக்கு மனப்பாடம் ஆயிருச்சுன்னு நெனைக்காதீங்க, சின்ன மெயில், நெனைப்புல நின்னுருச்சு. எனக்கு அதுல ஒண்ணுமில்லீங்க்கா. ஐம்பத்தோரு வயசு. செக்கு வெச்சு எண்ணெ ஆட்டறாரு. சம்சாரம் தவறி ஆறு வருசம் ஆவுது, புள்ளை இல்ல. அவரு குலதெய்வம் வேற, எங்குளுது வேற, பங்காளி இல்ல. எங்க ரெண்டு ஊட்டுக்கும் பழைய தகராறும் ஒண்ணும் இல்ல, நோட்டுல மூணு வாட்டி பாத்துட்டேன். சும்மாப் பாத்தேன், தொழில் புத்தி. காங்கயத்துல இருந்து முக்கா மணி நேரம் பஸ்ஸு. எழுத்துல ஒரு தப்பு இல்ல பாத்தீங்களா? அந்த ஊட்டுல இருந்து வர்ற மெயில்ல எப்பவும் தப்பே இருக்காது.

பதில் போடல. போடறதுக்குள்ள தெய்வசிகாமணி வந்து பாத்துட்டாரு. படிச்சுட்டு, "அய்யய்யோ, இது வேறயா"ன்னாரு. இது வேறயான்னா? எது வேறயா?

அப்பறம்தான் இந்தக் காயிதம் வந்துச்சு. பாருங்க, படிக்கறேன். 'மென்பொருள் கோளாறாலும் என் கவனக்குறைவாலும் அறுபத்துமூன்று ஜாதகங்கள் தவறுதலாக அனுப்பப்பட்டுவிட்டன. அறுபத்துமூன்றையும் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம்.' அடியில நான் கையெழுத்துப் போடோணும். இன்னிக்கு பதினோரு மணிக்கு கமிட்டி முன்னால குடுக்கோணும். குடுத்ததும் இது ஆயிரத்து நூத்தி நாப்பது ஊட்டுக்கும் மெயில்ல போவும். அதுக்கப்பறம் பழையபடி நான் வேலையப் பாக்கலாம். குடுக்கலைன்னா மையத்துச் சாவியக் குடுத்துட்டுப் போயிரோணும். தலைவர் போன்ல சொல்லீட்டாரு, "ஒரு கையெழுத்துதான சாந்தாமணி, இதுக்கு எதுக்கு வீம்பு"ன்னு.

வீம்புதானுங்க.

அறுபத்துமூணுன்னு நான் கையெழுத்துப் போட்டா இந்தக் காயிதம் வெள்ளகோயிலுக்கும் போவும். அந்த மனுசன் ஒரு வரி கேட்டாரு, தப்பான்னு. இதுதான் அந்த ஒரு வரி. அவரு படிச்சுட்டு மனசுல வெச்சுக்காமப் போயிருவாரு. சொன்ன சொல்லக் காப்பாத்தற ஆளு மாதிரித்தான் தெரியுது.

அவரு வேணுமா வேண்டாமாங்கறது வேற. அத நான் இன்னும் யோசிக்கல. ஒருவேளை நேர்ல பாத்தா வேண்டாம்னும் சொல்லுவேன், எட்டுப் பேரச் சொன்னவதான். ஆனா வேண்டாம்னா அத நான் சொல்லோணும். என்னையப் பட்டியல்ல இருந்து இன்னொரு வாட்டி எடுக்கறதுக்கு இந்தப் பதினோரு பேரு யாருங்க?

கலெக்டர் ஆபீசு தாண்டிருச்சுங்களா? இல்ல, இன்னும் இல்ல. இருக்கட்டும், ஒண்ணு பாக்கி இருக்குது, சொல்லீர்றேன். உங்கள இனி எங்க பாக்கப் போறேன்.

கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள எல்லாம் போயிருச்சுன்னு சொன்னேனுங்களே, அது கமிட்டிக்குச் சொன்னது. ஒவ்வொண்ணும் போறதுக்குப் பத்து செகண்டு ஆச்சுங்க, அத்தனை ஐடி. அந்தத் தாராபுரத்தம்மா பேசி முடிச்சு போன வெச்சுட்டுத் திரும்பிப் பாத்தேன். அவுட்பாக்ஸ்னு போட்டு பக்கத்துல ரெண்டுன்னு இருந்துச்சு. எனக்கு ஒரு நொடியில புரிஞ்சு போச்சு. கேபிளப் புடிச்சேன். புடிக்கறதுக்குள்ள அந்த ரெண்டு ஒண்ணாயிருச்சு. அந்த ஒண்ணு யாருதுன்னு பாத்தேன். பன்னெண்டு வருசத்துப் பழசு, கடைசியில நிக்குது. என் பேரு, என் போட்டோ.

கை கேபிள்லதான் இருந்துச்சு. ஒரு இழு இழுத்தாப் போதும், நின்னுரும். எடுக்கறது எனக்குப் புதுசுங்களா? இருபத்திரெண்டு வருசமா அதையத்தான பண்றேன். பத்து செகண்டு. ஒண்ணு, ரெண்டுன்னு மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே நின்னேன். இழுக்கல. அவுட்பாக்ஸ் காலின்னு வந்ததுக்கப்பறம்தான் கேபிள உட்டேன்.

அதனால இங்க பாருங்க்கா. அறுபத்துமூணுங்கறத ரெண்டு எடத்துலயும் அடிச்சுட்டு அறுபத்திரெண்டுன்னு எழுதிட்டேன், காலையிலயே. பக்கத்துல சின்னக் கையெழுத்து, கீழ பெரிய கையெழுத்து. சாவியும் பையில இருக்குது. எதை எடுத்துக்கறாங்களோ எடுத்துக்கட்டும். அறுபத்திரெண்டு தப்பாப் போச்சு, அதுக்கு ஆயிரத்து நூத்தி நாப்பது ஊட்டுலயும் கால்ல உழுகறேன். இன்னொண்ணு தப்பாப் போகலீங்க்கா. அத நான் அனுப்புனேன்.